பழைய செக்ஸ்டன்டில் கோளாறு எங்கே? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

"அண்ணே, ஏழு மைல் தள்ளி வருது" என்றுதான் அந்தத் தம்பி பேச்சையே தொடங்கினான். கப்பலில் தேர்டு மேட், அதாவது மூன்றாம் நிலை அதிகாரி. விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் பழைய செக்ஸ்டன்ட் ஒன்றை வாங்கியிருக்கிறான். சூரியனோ நட்சத்திரமோ தொடுவானத்துக்கு மேல் எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று அளந்து, கடலில் நம் இடத்தைக் கணக்கிட உதவும் கருவி அது. மறுநாளே திருச்செந்தூர்க் கடற்கரைக்குப் போய், சூரியன் 30 டிகிரி ஏறியதும் சைட் எடுத்து, அதாவது அதன் உயரத்தை அளந்து, கணக்கும் போட்டுவிட்டான். அவன் நின்றது கரை மணலில். கணக்கு அவனைக் கிழக்கே ஏழு கடல் மைல் தள்ளி, தண்ணீருக்குள் நிறுத்தியது.

"செக்ஸ்டன்ட் போச்சா அண்ணே? திருப்பிக் கொடுத்துரவா?"

"இன்னைக்கு ஏழு. நாளைக்கும் ஏழுதானா, இல்ல நாலு, பத்துன்னு ஆடுதா?" என்று கேட்டேன். ஒரே ஒரு நாள்தான் எடுத்தானாம். அப்படியென்றால் இன்னும் எதுவும் தெரியாது. மாறாமல் நிற்கும் பிழையை நான் பிழையாகவே மதிப்பதில்லை; எவ்வளவு என்று தெரிந்தால் கழித்துவிட்டுப் போய்விடலாம். ஆளுக்கு ஆள், கோணத்துக்குக் கோணம், வெயிலுக்கு வெயில் மாறும் பிழைதான் தொல்லை. பழைய செக்ஸ்டன்டைச் சோதிப்பது என்றால், இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான்.

ஒரு சொல் விளக்கம். இதில் நிமிடம் என்று நான் எழுதுவது கோண நிமிடம், அதாவது டிகிரியில் 60-ல் ஒரு பங்கு. செக்ஸ்டன்ட் ஒரு நிமிடம் பொய் சொன்னால் உங்கள் நிலைக்கோடு (நீங்கள் இதன் மேல் எங்கோ இருக்கிறீர்கள் என்று கணக்கு காட்டும் கோடு) ஒரு கடல் மைல், 1,852 மீட்டர், நகரும். கடிகார நிமிடம் வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

திருகியைத் தொடும் முன்

கையில் இருப்பது நிஜமான கருவியா, வரவேற்பறை அலங்காரமா என்று முதலில் பாருங்கள். பளபளக்கும் பித்தளையில் "கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917" என்று பொறித்த செக்ஸ்டன்ட்கள் எங்கும் விற்கின்றன. அந்த இரண்டு பெயர்களும் ஒரே நிறுவனமாகச் சேர்ந்தது 1947-ல்தான். முப்பது வருடம் முன்னால் அந்தப் பெயரை யார் பொறித்திருக்க முடியும்? ஆண்டைப் பார்க்காவிட்டாலும் கண்ணாடிகளின் பின்பக்கம் பாருங்கள். சரிசெய்யும் திருகிகள் இல்லையென்றால் அது பொம்மை. அலமாரியில் வையுங்கள், அழகாக இருக்கும்.

நிஜக் கருவி என்றால், பெட்டி மூடியின் உள்பக்கம் சான்றிதழ் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 0, 15, 30 என்று கோணவாரியாகக் கருவிப் பிழையை எழுதியிருப்பார்கள். சிலவற்றில், நடைமுறைப் பயனுக்குப் பிழையற்றது என்ற ஒற்றை வரியோடு முடித்திருப்பார்கள். எப்படி இருந்தாலும் சான்றிதழில் உள்ள எண்ணும் கருவியில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். குஜராத்தில் அலங் கப்பல் உடைக்கும் தளத்துக்குப் போகிற சாலையோரக் கடைகளில் ஒரு கப்பலின் பெட்டியில் இன்னொரு கப்பலின் செக்ஸ்டன்ட் கிடப்பது சாதாரணம். என் முதல் செக்ஸ்டன்ட் அப்படி வந்ததுதான். பெட்டி மட்டும் ராஜா வீட்டுப் பெட்டி.

தூக்கும்போது சட்டத்தையோ கைப்பிடியையோ பிடித்துத் தூக்குங்கள். டிகிரிக் கோடுகள் பொறித்த வளைந்த வில்லையும், அதன் மேல் நகரும் கையையும் பிடித்துத் தூக்கக் கூடாது. கை ஒருமுறை வளைந்தால் எந்தத் திருகியாலும் நிமிர்த்த முடியாது.

சூரியனைப் பார்க்கிற சோதனைகளில் இரண்டு பக்க ஷேடுகளிலும், அதாவது ஒளியைக் குறைக்கும் நிறக் கண்ணாடிகளிலும், மிகக் கறுப்பானதை முதலில் போட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் குறையுங்கள். வெறும் டெலஸ்கோப் வழியே சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும். இதில் அவசரமே வேண்டாம்.

பிழையின் எண்ணே காட்டிக்கொடுக்கும் சில சமயங்கள்

கருவியைக் குறை சொல்வதற்கு முன்னால் எத்தனை மைல் பிழை என்று பாருங்கள்.

60 மைலை ஒட்டி வந்தால் டிகிரியைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். கையின் நுனியில் நிமிடங்களைக் காட்டும் திருகு உருளையான டிரம் 0-வைத் தாண்டும் நேரத்தில் வில்லின் கோடு 34-ஆ 35-ஆ என்று குழப்பும். டிரம்மை 0-வில் வைத்து, கையின் அம்புக்குறி டிகிரிக் கோட்டுக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் தொங்கினால் இந்தத் தவறு அடிக்கடி வரும்.

16 மைலை ஒட்டி வந்தால் சூரியனின் அரைவிட்டத்தைச் சேர்க்க மறந்திருக்கிறீர்கள். 32 என்றால் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு மாறிவிட்டது. இரண்டரை என்றால் தொடுவானத் தாழ்வு (கண் உயரத்தில் இருப்பதால் தொடுவானம் கீழே இறங்கித் தெரியும் அளவு) விட்டுப்போயிருக்கலாம்: கண் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் அது சரியாக அவ்வளவுதான் வரும்.

ஏழு மைல்? தம்பியிடம் கடிகாரத்தைக் கேட்டேன். கிழக்கே நிற்கும் சூரியன் உங்கள் தீர்க்கரேகையைத்தான் சொல்கிறது. அதில் 4 விநாடிக்கு ஒரு நிமிடக் கோணம். கடிகாரம் 28 விநாடி பின்தங்கியிருந்தாலும் இதே ஏழு மைல், இதே கிழக்குத் திசைதான் வரும். போனைப் பார்த்து நேரம் எழுதினானாம், விநாடியோடு. சரி, கடிகாரம் தப்பித்தது. இனிக் கருவி.

அறிகுறி: நட்சத்திரம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டாகத் தெரிகிறது, சாய்த்தால் தொடுவானம் படி போல உடைகிறது

இது கண்ணாடிகள் சட்டத்துக்குச் செங்குத்தாக நிற்காத கோளாறு. இரண்டு கண்ணாடிகள், இரண்டு சோதனை. வரிசை முக்கியம்: கையின் மேல் உட்கார்ந்திருக்கும் இண்டெக்ஸ் கண்ணாடி முதலில், டெலஸ்கோப்புக்கு எதிரே இருக்கும் ஹொரைசன் கண்ணாடி அடுத்து. மாற்றிச் செய்தால் ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மூடிவிடுவீர்கள், பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும்.

இண்டெக்ஸ் கண்ணாடிக்கு: கையை 35 டிகிரி சுமாருக்கு நகர்த்துங்கள். செக்ஸ்டன்டைப் படுக்கையாக, வில் உங்களை விட்டு வெளிப்பக்கம் இருக்கும்படி பிடியுங்கள். கண்ணைக் கண்ணாடிக்கு நெருக்கி, ஓரமாகப் பாருங்கள். கண்ணாடிக்குள் வில்லின் பிம்பமும், கண்ணாடிக்கு வெளியே நிஜ வில்லும் தெரியும். இரண்டும் ஒரே வளையல் போலத் தொடர்ந்தால் சரி. சேரும் இடத்தில் மேலோ கீழோ படி விழுந்தால் கண்ணாடியின் பின்பக்கத் திருகியை மயிரிழை திருப்புங்கள். சில மாடல்களில் வில் சரியாகத் தெரியாது. அப்போது ஒரே உயரமுள்ள இரண்டு நட்டுகளை வில்லின் மேல் ஒன்றை இந்தப் பக்கம், ஒன்றை அந்தப் பக்கம் நிறுத்தி, ஒன்றை நேராகவும் ஒன்றைக் கண்ணாடியிலும் பார்த்துத் தலைமட்டம் ஒப்பிடலாம். ஹார்டுவேர் கடையில் இரண்டு ரூபாய்ச் செலவு.

ஹொரைசன் கண்ணாடிக்கு: கோணத்தை 0-வில் வைத்து, சுமாரான பிரகாசமுள்ள நட்சத்திரம் ஒன்றைப் பார்த்தபடி டிரம்மை முன்னும் பின்னும் திருப்புங்கள். பிம்ப நட்சத்திரம் நிஜ நட்சத்திரத்தின் மேலேயே ஏறி இறங்கினால் பக்கப் பிழை இல்லை. ஒதுங்கிப் போனால் இருக்கிறது. பகலில் கடலைப் பார்த்தும் செய்யலாம். தொடுவானம் ஒரே கோடாக இருக்கும்படி வைத்துவிட்டுக் கருவியை ஒரு பக்கமாகச் சாயுங்கள். கோடு உடையாமல் இருக்க வேண்டும். இந்தக் கண்ணாடிக்கு இரண்டு திருகிகள் உண்டு. பெரும்பாலும் சட்டத்திலிருந்து விலகி மேலே இருப்பது பக்கப் பிழைக்கு, சட்டத்தை ஒட்டி இருப்பது இண்டெக்ஸ் பிழைக்கு. சந்தேகம் என்றால் கால் திருப்பு திருப்பி, பிம்பம் பக்கவாட்டில் போகிறதா மேலும் கீழும் போகிறதா என்று பாருங்கள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கொஞ்சம் கலையும். இரண்டு மூன்று முறை மாறி மாறிச் செய்ய வேண்டியிருக்கும்.

துளிப் பக்கப் பிழை கெடுதல் செய்யாது. நட்சத்திரம் இரண்டும் ஒன்றையொன்று மறைக்காமல் அருகருகே தெரிவது வசதி என்று வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுவைக்கும் பழைய ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: பிழை எப்போதும் ஒரே அளவு, சூரியன் இருக்கும் பக்கமாகவே அல்லது எதிர்ப்பக்கமாகவே

இண்டெக்ஸ் பிழை. கருவி 0 காட்டும்போது இரண்டு கண்ணாடிகளும் இணையாக இல்லை, அவ்வளவுதான். வாங்கியவர்களில் பாதிப் பேர் இதைக் கண்டு பயந்துதான் கருவியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

கடல் தொடுவானத்தை வைத்து அளக்கலாம். ஆனால் நான் நம்புவது சூரியனைத்தான், ஏனென்றால் அதில் அளவைச் சரிபார்க்கும் வழி உள்ளேயே இருக்கிறது. 0-வுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு சூரியன்கள் தெரியும். பிம்பச் சூரியனை ஒரு பக்கம் தள்ளி விளிம்போடு விளிம்பு தொடவைத்துப் படியுங்கள். பிறகு மறுபக்கம் தள்ளித் தொடவைத்துப் படியுங்கள். ஒன்று 0-வுக்கு மேலே, ஆன் தி ஆர்க். மற்றது 0-வுக்குக் கீழே, ஆஃப் தி ஆர்க்.

ஓர் உதாரணம். ஆன் பக்கம் 33.8. ஆஃப் பக்கம் டிரம் 29.6 காட்டுகிறது. இங்கேதான் கால் தடுக்கும்: 0-வுக்குக் கீழே டிரம் தலைகீழாக ஓடுவதால் உண்மையான அளவு 60-லிருந்து 29.6 போக, 30.4. வித்தியாசம் 3.4, அதில் பாதி 1.7. பெரிய எண் ஆன் பக்கம் என்பதால் பிழை 1.7 ஆன். ஆன் என்றால் கழி, ஆஃப் என்றால் கூட்டு.

இப்போது சரிபார்ப்பு. இரண்டையும் கூட்டினால் 64.2, நாலில் வகுத்தால் 16.05. இது அன்றைய சூரியனின் அரைவிட்டமாக இருக்க வேண்டும். நாள்வாரியாக வான அளவுகள் தரும் அல்மனாக்கில் அந்தத் தேதிக்குப் பாருங்கள்: ஜனவரித் தொடக்கத்தில் 16.3, ஜூலைத் தொடக்கத்தில் 15.7-ஐ ஒட்டி, மற்ற நாளெல்லாம் இடையில். நீங்கள் கண்டது 0.1-க்குள் ஒத்துப்போனால் கண்ணும் கையும் கருவியும் ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன. 0.3 தள்ளினால் இண்டெக்ஸ் பிழையையும் நம்பாதீர்கள், மறுபடி எடுங்கள்.

தம்பியை இதைச் செய்யச் சொன்னேன். 3.5 ஆன் என்று வந்தது. "கணக்கில் இதை என்ன செய்தாய்?" கூட்டியிருந்தான். கழிக்க வேண்டிய 3.5-ஐக் கூட்டினால் பிழை அதன் இரு மடங்கு. ஏழு. ஆன் என்றால் கழி, ஆஃப் என்றால் கூட்டு என்பதைத் தலைகீழாகப் பிடித்ததில் குறி மாறியிருக்கிறது. போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

3 நிமிடத்துக்குள் இருக்கும் இண்டெக்ஸ் பிழையைத் தொடாமல் விடுவதே வழக்கம். இவனுடைய 3.5-க்கும் திருகியைத் தொடாதே, ஒரு வாரம் தினம் அளந்து எழுது என்றேன். திருகிகளை அடிக்கடித் திருப்பினால் கண்ணாடி தன் இருக்கையில் தளர்ந்துபோகும்.

வீட்டு மாடியில் நின்று எதிர்த் தெருத் தண்ணீர்த் தொட்டியை வைத்து இண்டெக்ஸ் பிழை பார்க்கிறவர்களும் உண்டு. அளவு ஏன் கடற்கரையில் மாறுகிறது என்று குழம்புவார்கள். மேலே இருக்கும் கண்ணாடிக்கும் டெலஸ்கோப்புக்கும் இடையில் சில சென்டிமீட்டர் உண்டு. 6 சென்டிமீட்டர் என்று வைத்தால், 100 மீட்டரில் உள்ள பொருளுக்கு அதுவே 2 நிமிடப் பிழை தரும். 3 கிலோமீட்டர் தள்ளிப் போனால் கணக்கில் வராது. தொலைவில் தெரியும் செல்போன் கோபுரம் பரவாயில்லை, எதிர்வீட்டு ஆன்டெனா வேண்டாம்.

அறிகுறி: இண்டெக்ஸ் பிழையே ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது

இது கவலைப்பட வேண்டிய அறிகுறி. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலில் திருகு ஆட்டம். ஒரே நட்சத்திரத்தை ஐந்து முறை கீழிருந்து மேலாகத் திருப்பிப் பொருத்துங்கள், ஐந்து முறை மேலிருந்து கீழாக. இரண்டு சராசரிகளும் 0.2-க்குள் இருந்தால் நல்ல கருவி. அரை நிமிடத்துக்கு மேல் போனால் பல் சக்கரத்தில் அழுக்கோ, திருகை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ச்சியோ இருக்கும். பழைய டூத் பிரஷ்ஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு வில்லின் பற்களைத் தேயுங்கள், துடைத்து உலர்ந்ததும் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். வெளிவரும் அழுக்கைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அதற்குப் பிறகும் ஆட்டம் இருந்தால், எப்போதும் ஒரே திசையில் திருப்பி முடிப்பது என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். பாதிப் பிழை மறைந்துவிடும்.

பற்களுக்கு மட்டும்தான் பிரஷ். வில்லின் முகத்தில் பித்தளைப் பாலிஷ் போடாதீர்கள். குத்துவிளக்கு போல மின்ன வேண்டும் என்று புளி போட்டுத் தேய்த்த ஒரு வெர்னியர் செக்ஸ்டன்டை ஒரு வீட்டில் காட்டினார்கள். மின்னத்தான் செய்தது. பத்துக் கோட்டுக்கு ஒரு கோடு மிச்சம்.

இரண்டாவது, தளர்ந்த கண்ணாடி. இண்டெக்ஸ் பிழையை அளந்துவிட்டு, கண்ணாடிச் சட்டத்தை விரல் நகத்தால் மெல்லத் தட்டி மறுபடி அளந்து பாருங்கள். மாறினால் பிடிக்கும் கிளிப்போ திருகியோ தளர்ந்திருக்கிறது.

மூன்றாவது வெப்பம். டேவிஸ் மார்க் 15 போன்ற பிளாஸ்டிக் செக்ஸ்டன்ட்களில் வெயில் ஏற ஏற இண்டெக்ஸ் பிழை நகரும். அது அவற்றின் இயல்பு, பழசானதால் வந்த கோளாறு இல்லை. நிழலில் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, ஒவ்வொரு சைட்டுக்கும் முன்னும் பின்னும் அளந்து சராசரி எடுத்தால் போதும். உலோகக் கருவியில் இப்படி நகர்ந்தால் மட்டும் மேலே சொன்ன இரண்டு காரணங்களுக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: சின்னக் கோணத்தில் சரி, பெரிய கோணத்தில் தப்பு

வாங்குகிறவர் உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். கையின் அச்சு வில்லின் மையத்தில் சரியாக இல்லாவிட்டால், அல்லது எப்போதோ கீழே விழுந்து கை வளைந்திருந்தால், பிழை கோணத்தோடு சேர்ந்து மாறும். 20 டிகிரியில் ஒன்றுமில்லை, 60-ல் ஒன்றரை, 100-ல் மூன்று என்று போகலாம். திருகி கிடையாது. டெலஸ்கோப் சட்டத்துக்கு இணையாக இல்லாவிட்டாலும் பெரிய கோணங்களில்தான் வெளிப்படும், அது எப்போதும் கோணத்தை அதிகமாகவே காட்டும்.

கடற்கரையில் சூரியனை வைத்து இதைப் பிடிக்க முடியாது. மணல் சுட்ட நேரத்தில் கடலோரக் காற்றில் தொடுவானம் ஏறி இறங்கும். அலை வேறு. ஒரு நிமிடப் பிழை அதிலேயே தொலைந்துபோகும். அதனால் நட்சத்திர இடைவெளிச் சோதனை. தொடுவானம் வேண்டாம், கடிகாரம் வேண்டாம், மொட்டைமாடியும் பாயும் போதும்.

இரண்டு நட்சத்திரங்களுக்கு இடையிலான கோணம் வருடக்கணக்கில் மாறாது. அல்மனாக்கில் இருந்து இரண்டின் டெக்ளினேஷனையும் (வானத்து அட்சரேகை), எஸ்ஹெச்ஏ (வானத்துத் தீர்க்கரேகை போன்றது) வித்தியாசத்தையும் எடுத்து, பழைய கொசைன் வாய்ப்பாட்டில் போட்டால் கோணம் கிடைக்கும். டெக்ளினேஷன்களின் சைன்களைப் பெருக்கி, அதோடு இரண்டு கொசைன்களையும் வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்கிக் கூட்டினால் இடைவெளியின் கொசைன். தேர்டு மேட்டுக்கு இது மனப்பாடம்.

நம்மூர் வானத்தில் எனக்குப் பிடித்த ஜோடிகள் இவை. திருவாதிரைக்கும் ரைகலுக்கும் 18.6 டிகிரி. சித்திரைக்கும் சுவாதிக்கும் 32.8. ரோகிணிக்கும் புரோசியானுக்கும் 46.3. மகத்துக்கும் சித்திரைக்கும் 54.1. சிரியஸுக்கும் கபெல்லாவுக்கும் 65.8. ரோகிணிக்கும் மகத்துக்கும் 80.1. ஜாதகத்தில் கேட்ட பெயர்களை வில்லின் மேல் அளப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. இந்தத் தசம எண்கள் வானத்தில் தேடிப் பிடிக்க மட்டும்தான். சோதனைக்கு அந்த வருட அல்மனாக்கில் இருந்து நிமிடத்தின் பத்தில் ஒரு பங்கு வரை நீங்களே கணக்கிடுங்கள்.

ரோகிணி–மகம் ஜோடியை முழுதாகச் செய்துகாட்டுகிறேன். மார்ச் நடுவில் இரவு எட்டு மணி வாக்கில் தமிழ்நாட்டில் ரோகிணி மேற்கே, மகம் கிழக்கே, இரண்டும் ஏறக்குறைய 50 டிகிரி உயரத்தில், உச்சிக்கு இரு பக்கமும் நிற்கும். கணக்கில் இடைவெளி 80 டிகிரி 8 நிமிடத்தை ஒட்டி வரும். ஆனால் காற்று ஒவ்வொரு நட்சத்திரத்தையும் உச்சியை நோக்கிக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். 50 டிகிரி உயரத்தில் ஆளுக்கு 0.8 நிமிடம். இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நெருங்குவதால் இடைவெளி 1.6 குறையும். ஆக, செக்ஸ்டன்ட் 80 டிகிரி 6 நிமிடம் சுமாருக்குக் காட்ட வேண்டும். இந்தத் திருத்தத்தை மறந்துவிட்டு நல்ல கருவியைத் திட்டுகிறவர்கள் நிறைய. எல்லா ஜோடியும் இப்படி உச்சிக்கு இரு பக்கமும் வசதியாக நிற்காது. மற்றவற்றுக்கு, இரண்டும் 45 டிகிரிக்கு மேல் இருக்கும்போது மட்டும் எடுத்து, இடைவெளியின் ஒவ்வொரு 60 டிகிரிக்கும் ஒரு நிமிடம் கழித்தால் பெரிதாகத் தப்பாது.

அளக்கும் விதம்: கோணத்தை முதலிலேயே 80 டிகிரி 6-ல் வைத்துவிடுங்கள். பாயில் மல்லாந்து படுத்து, மங்கலான நட்சத்திரத்தை டெலஸ்கோப்பில் நேராகப் பிடித்து, கருவியின் தளத்தை மற்ற நட்சத்திரத்தின் பக்கம் மெல்லச் சாய்த்தால் அது தானாகக் கண்ணாடிக்குள் வந்துவிடும். வானம் முழுக்கத் தேட வேண்டியதில்லை. கருவியை ஊஞ்சல் போல ஆட்டி, ஒன்று மற்றதை உரசிப் போகும் இடத்தில் டிரம்மை நிறுத்துங்கள். ஐந்து முறை எடுத்து, இண்டெக்ஸ் பிழையைக் கழித்துச் சராசரி. முதல் இரவில் எண்கள் இரண்டு மூன்று நிமிடம் ஆடும். அது உங்கள் கை. மூன்றாவது இரவில் அடங்கும். கொசுவர்த்தி ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

20, 45, 65, 80 டிகிரிகளில் கிடைத்த வித்தியாசங்களை ஒரு தாளில் புள்ளி வைத்தால் கருவியின் குணம் தெரிந்துவிடும். எல்லாம் அரை நிமிடத்துக்குள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மெல்ல, ஒழுங்காக வளரும் கோடு என்றால் அதுவே உங்கள் புதுச் சான்றிதழ்: மூடியில் ஒட்டி, சைட்டுக்குச் சைட் திருத்திக்கொள்ளலாம். என்னுடையதில் 80 டிகிரிக்குக் கூட்டல் 1.2 என்று பென்சிலில் எழுதி ஒட்டியிருக்கிறேன், வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறது. புள்ளிகள் ஒழுங்கில்லாமல் துள்ளினால், அதாவது 45-ல் கூட்டல் 2, 54-ல் கழித்தல் 1 என்று போனால், பற்கள் தேய்ந்திருக்கின்றன. அதைச் சந்தேகித்தால் கையை விடுவிக்காமல் டிரம்மை மட்டும் சுற்றி வில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்ப் பாருங்கள். 120 சுற்று, கை வலிக்கும். எங்காவது கரகரத்தாலோ, இறுகினாலோ, சட்டென்று நழுவினாலோ அந்த டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நட்சத்திரத்தில் சரி, சூரியனில் மட்டும் தப்பு

ஷேடுகளின் இரண்டு முகங்களும் இணையாக இல்லாவிட்டால் ஒளி வளையும். டெலஸ்கோப்பின் கண்பக்கம் மாட்டும் கறுப்பு வடிகட்டி பெட்டியில் இருந்தால் அதிர்ஷ்டம்: அது இரண்டு பிம்பங்களையும் ஒன்றாகவே வளைப்பதால் பிழை வராது. அதைப் போட்டு முதலில் இண்டெக்ஸ் பிழை பாருங்கள். பிறகு அதைக் கழற்றிவிட்டு ஷேடுகளை வெவ்வேறு ஜோடியாகப் போட்டு அளந்து ஒப்பிடுங்கள். எந்த ஷேடு வரும்போது எண் மாறுகிறதோ அதை ஓரம்கட்டிவிடலாம். வடிகட்டி இல்லையென்றால் ஷேடு ஜோடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டியதுதான்.

அறிகுறி: பிம்பத்துக்குப் பின்னால் பேய் போல இன்னொரு மங்கல் பிம்பம்

கண்ணாடியை யாரோ மாற்றியிருக்கிறார்கள். என் அலங் செக்ஸ்டன்டில் இருந்தது முகம் பார்க்கும் கண்ணாடியிலிருந்து வெட்டிய துண்டு. 20 டிகிரியில் ஒன்றும் தெரியாது. 90 டிகிரியைத் தாண்டினால் நட்சத்திரத்துக்கு நிழல் முளைக்கும். கடைக்காரரைக் கேட்டால் "புதுக் கண்ணாடி சார்" என்று பெருமையாகச் சொன்னார். சொன்னதில் பொய் இல்லை. இதற்கு, முகங்கள் இணையாக அரைத்த சரியான கண்ணாடி வாங்கி மாற்றுவது தவிர வழியில்லை. ஓரத்தில் மட்டும் ரசம் போய்க் கறுத்திருந்தால் அழகு குறைவு, அளவுக்குக் கெடுதல் இல்லை.

எல்லாம் சரி, கடல் பக்கத்தில் இல்லை என்றால்

மதுரையிலும் கோவையிலும் இருப்பவர்கள் எண்ணெய்த் தட்டை வைத்துக்கொள்ளலாம். காற்றில்லாத மூலையில் ஒரு தட்டில் கறுத்த பழைய என்ஜின் ஆயிலை ஊற்றி, அதில் தெரியும் சூரியனோடு கண்ணாடிச் சூரியனை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். எண்ணெய்ச் சூரியனைப் பார்க்கும் பக்கமும் ஷேடு கட்டாயம். வருவது உயரத்தின் இரு மடங்கு. இண்டெக்ஸ் பிழையை முதலில் திருத்தி, அப்புறம் பாதியாக்க வேண்டும். தொடுவானத் தாழ்வும் இல்லை, அரைவிட்டமும் இல்லை. இரு மடங்கு என்பதால் 120 டிகிரி வில்லில் 60 டிகிரி உயரம் வரைதான் அளக்க முடியும். நம் பக்கம் நடுப்பகல் சூரியன் வருடத்தின் பெரும்பகுதி அதைத் தாண்டிவிடும். சென்னையில் நவம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து ஜனவரி முடியும் வரைதான் உச்சி சூரியனே அகப்படும். மற்ற மாதங்களில் காலை ஒன்பது மணிச் சூரியன். நிற்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் எடுத்து, அந்த நேரத்துக்கு வர வேண்டிய உயரத்தோடு ஒப்பிடுங்கள்.

எப்போது திருப்பிக் கொடுப்பது

வளைந்த கை, துள்ளும் புள்ளிகள், தட்டினால் மாறும் இண்டெக்ஸ் பிழை திருகியை இறுக்கியும் அடங்காமல் இருப்பது: இந்த மூன்றில் ஒன்று இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். அழுக்கு, ஆட்டம், கறுத்த கண்ணாடி ஓரம், 5 நிமிட இண்டெக்ஸ் பிழை, தொலைந்துபோன சான்றிதழ் இவற்றையெல்லாம் விலை பேசுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

தம்பி குறியைத் திருத்திப் பழைய கணக்கை மறுபடி போட்டான். நிலைக்கோடு கரையிலிருந்து அரை மைலில் விழுந்தது. அன்றிரவு எட்டு மணிக்கு மறுபடி போன். "அண்ணே, ரோகிணி எது?"